காமிக்ஸ் பக்கத்தை அமைப்பது எப்படி: முதல் கிறுக்கலிலிருந்து கடைசித் திருத்தம் வரை

புதிதாகக் காமிக்ஸ் வரைகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தின் இடது மேல் மூலையில்தான் தொடங்குவார்கள். அங்கே ஒரு கட்டம் போட்டு, ஆசை ஆசையாக ஒரு முகத்தை வரைந்து முடித்து, அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம் என்று இறங்கிக்கொண்டே வருவார்கள். கீழே வரும்போது இடம் தீர்ந்திருக்கும், கதையின் முக்கியமான காட்சி ஒரு ஓரத்தில் ஒடுங்கிப்போயிருக்கும். நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கிறது, ஏனென்றால் கோளாறு வரைவதில் இல்லை, தொடங்கிய இடத்தில் இருக்கிறது. வாசகர் பக்கத்தைத் திருப்பியதும் அவர் கண்ணில் படுவது முழுப் பக்கமும்தான். எல்லாப் பேனல்களும், அதாவது படக் கட்டங்களும், ஒரே நொடியில் தெரிந்துவிடும், அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பிக்கிறார். சினிமாவில் அடுத்த ஷாட் என்னவென்று முன்கூட்டியே தெரியாது, காமிக்ஸில் தெரியும். அதனால் பக்கத்தை முதலில் ஒரே படமாக யோசிக்க வேண்டும், அப்புறம்தான் அதைப் பேனல்களாக உடைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

காட்சி இதுதான். அக்கா இரவில் வீடு திரும்புகிறாள். கதவு பூட்டப்படாமல் இருக்கிறது. மெதுவாகத் தள்ளித் திறக்கிறாள். உள்ளே இருட்டு, நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். "யாரது?" என்கிறாள். விளக்கு எரிகிறது. பல வருஷம் முன்னால் வீட்டை விட்டுப் போன தம்பி. "நான்தான்க்கா." அவள் கையிலிருந்த பை நழுவுகிறது. "எங்கடா போயிருந்த இத்தன வருஷமா?"

முதல் படி: எது எந்தப் பக்கத்தில்?

பேனலைப் பற்றி யோசிக்கும் முன், இந்தக் காட்சி எத்தனை பக்கம் என்று முடிவுசெய்யுங்கள். இதை ஒரே பக்கத்திலும் அடக்கிவிடலாம், ஒன்பது பேனல் போட்டால் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால், அக்கா கதவைத் தள்ளும்போதே வாசகரின் ஓரக்கண்ணில் கீழே விளக்கு வெளிச்சத்தில் தம்பியின் முகம் தெரிந்துவிடும். இருட்டில் இருப்பது யார் என்ற கேள்வி எழும் முன்பே பதில் வந்துவிடுகிறது. ஒளித்துவைக்க வேண்டிய விஷயம் எதுவாக இருந்தாலும் அதற்குக் காமிக்ஸில் உள்ள நல்ல மறைவிடம் தாளின் மறுபக்கம்தான்.

இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில் முதல் பக்கம் வலது பக்கமாக வரும். ஆக ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வலதுபுறம், இரட்டைப்படை எண்கள் இடதுபுறம். வாசகர் தாளைத் திருப்பும்போது புதிதாகத் தெரிவது இரட்டைப்படைப் பக்கமும் அதற்கு எதிரே உள்ள ஒற்றைப்படைப் பக்கமும். எனவே அதிர்ச்சி, திருப்பம், வெளிப்படும் ரகசியம் ஆகியவை இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் பேனலில் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசி பேனல் அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு நிற்க வேண்டும். நம் காட்சியில் "யாரது?" வரைக்கும் 3ஆம் பக்கம், விளக்கு எரிவதிலிருந்து 4ஆம் பக்கம். வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானிய காமிக்ஸான மங்காவில் இடம் வலம் மாறும், தாள் திருப்பும் கணக்கு மாறாது. இரண்டு பக்கமும் சேர்ந்த விரிப்புப் படம் போட நினைத்தால் அது இரட்டைப்படைப் பக்கத்தில்தான் தொடங்க முடியும். முழு இதழுக்கும் பக்க எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி, எதிரெதிர்ப் பக்கங்களை ஜோடியாகக் கட்டம் கட்டிவைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

பக்கம் பிரித்தானதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பக்கத்தில் வாசகர் எந்த ஒரு படத்தை மறக்கக் கூடாது? 3ஆம் பக்கத்தில் அது நாற்காலியில் இருக்கும் இருட்டு உருவம். 4ஆம் பக்கத்தில் தம்பியின் முகம். இரண்டு மூன்று படங்கள் போட்டிபோட்டால் அந்தப் பக்கத்தை இரண்டாக உடைப்பது நல்லது. ஒன்றுமே தோன்றவில்லை என்றால் அந்தப் பக்கம் தேவைதானா என்று பார்க்க வேண்டும், முந்தைய பக்கத்தோடு சேர்த்துவிட முடியும்.

அளவு

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் தொடங்கும் முன் முடிவுசெய்துவிட வேண்டும், பாதியில் மாற்றினால் எல்லா அமைப்பும் குலையும். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்கள் 11 x 17 அங்குல அட்டையில், ஏறக்குறைய 10 x 15 அங்குலப் பரப்புக்குள் வரைவது வழக்கம், அச்சில் அது சுமார் 6.625 x 10.25 அங்குலமாகச் சுருங்கும். ஜப்பானில் தொழில்முறை மங்காவுக்கு பி4 தாளும், அதற்குள் 180 x 270 மில்லிமீட்டர் உட்சட்டமும் பயன்படுகின்றன. நீங்கள் ஏ4 தாளில் வரைந்தாலும் தவறில்லை. அச்சாகும் பக்கத்தின் நீள அகல விகிதமும் வரையும் பரப்பின் விகிதமும் ஒத்துப்போனால் போதும்.

கணினியில் வரைகிறவர்கள் அச்சளவில் வண்ணத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ வைத்துக்கொள்ளுங்கள். தாளின் விளிம்புவரை படம் ஓட வேண்டுமென்றால் வெட்டும் கோட்டைத் தாண்டி நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும், அதைத்தான் ப்ளீட் என்கிறார்கள். எழுத்தும் முகமும் வெட்டும் கோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியே இருக்கட்டும்.

தம்ப்நெயில் (சின்ன அளவுக் கிறுக்கல்): உண்மையான வேலை நடக்கும் இடம்

ஒரு வெற்றுத் தாளில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் சின்னச் சின்னப் பக்கங்களாக, சரியான விகிதத்தில், நாலைந்து பெட்டி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அதே பக்கத்தை வேறு வேறு விதமாக அமைத்துப் பாருங்கள். மனிதர்களுக்குக் குச்சி உருவம் போதும். தலை எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறது, எது இருட்டு, எது வெளிச்சம், வசனம் எழுதும் பலூன் எங்கே என்பது தெரிந்தால் சரி. இவ்வளவு சின்னதாக வரைவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அளவில் கண்ணிமையையோ சட்டைப் பொத்தானையோ வரைய முடியாது, கை தானாகவே பெரிய உருவங்களோடு நின்றுவிடும். ஒன்றுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பிடிக்காமல் போனால் தூக்கிப்போட மனம் வர வேண்டும், பாடுபட்டு வரைந்ததைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது.

நம் 3ஆம் பக்கத்துக்கு மூன்று வகையாகச் செய்து பார்ப்போம்.

முதல் வகை: இரண்டு நெடுக்கில் மூன்று வரிசை, ஆறு சமமான பேனல். வீடு, பூட்டு, கதவு, இருட்டு, உருவம், "யாரது?" என்று வரிசையாக வருகிறது. படிக்க ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் இருட்டு உருவத்துக்கும் பூட்டுக்கும் ஒரே அளவு இடம், பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் எது முக்கியம் என்றே தெரியவில்லை.

இரண்டாம் வகை: கீழ்ப்பாதி முழுவதும் ஒரே பெரிய பேனல், அதில் நாற்காலி உருவம். மேலே நான்கு சின்னப் பேனல்கள். உடனே பக்கத்துக்கு எடை வந்துவிடுகிறது. ஆனால் வீடு, இரவு, தெரு எல்லாம் ஒரு சின்னப் பேனலுக்குள் நசுங்கிவிடுகிறது, அவள் எங்கே இருக்கிறாள் என்பது பதிவதில்லை. புதிய இடத்துக்கு வரும்போது அந்த இடத்தை ஒருமுறையாவது அகலமாகக் காட்ட வேண்டும்.

மூன்றாம் வகை: மேலே பக்க அகலத்துக்கு ஒரு தட்டையான பேனல், தெருவும் வீடும், சின்னதாக அக்கா. நடுவில் மூன்று ஒடுங்கிய நெட்டைப் பேனல்கள்: பூட்டின் மேல் அவள் கை, கதவின் மெல்லிய இடுக்கு, பாதி திறந்த கதவு. கடைசி இரண்டும் ஒரே கோணம், ஒரே தூரம், இடுக்கு மட்டும் அகலமாகிறது. கீழ்ப்பாதியில் பெரிய பேனல், இந்தமுறை கேமரா அறைக்குள், நாற்காலிக்குப் பின்னால். முன்புறத்தில் இடதுபக்கம் நாற்காலியும் அதில் இருப்பவரின் பின்தலையும் முழுக் கறுப்பாக, தூரத்தில் வலதுபக்கம் கதவு வெளிச்சத்தில் சின்னதாக அக்கா, அவள் பக்கத்தில் "யாரது?". உருவத்தின் முகம் நமக்குத் தெரியாது, ஆனால் அவளைவிட நமக்கு அது அருகில் இருக்கிறது. அந்தப் பதற்றம் படத்தின் அமைப்பிலிருந்தே வருகிறது. இதைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறோம்.

முதலில் தோன்றுவது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அதனால்தான் குறைந்தது மூன்று செய்யுங்கள் என்கிறேன்.

கட்டமைப்பு: சாய்ந்த பேனல் ஆசையைத் தள்ளிப்போடுங்கள்

ஆரம்பத்தில் பேனல்களைச் சாய்த்து, உடைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அடுக்க ஆசை வரும். செய்யலாம், ஆனால் கொஞ்ச காலம் நேரான கட்டங்களிலேயே பழகுங்கள். 1986-87இல் வெளிவந்த 'வாட்ச்மென்' காமிக்ஸ் தொடரை டேவ் கிப்பன்ஸ் மூன்றுக்கு மூன்று என்ற ஒன்பது கட்ட அமைப்பை அடித்தளமாக வைத்துத்தான் வரைந்தார். தேவைப்படும் இடத்தில் இரண்டு கட்டத்தைச் சேர்த்து அகலப் பேனல், மூன்றைச் சேர்த்து முழு வரிசை என்று அதே அமைப்புக்குள்ளேயே எத்தனையோ மாற்றம் செய்ய முடிகிறது. சீரான கட்டம் ஒரு தாளத்தை உண்டாக்கிவிடும், அந்தத் தாளம் உடையும் இடத்தில் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். எல்லாப் பேனலும் உடைந்தே கிடந்தால் உடைவதற்கு எதுவும் மிச்சமில்லை.

எத்தனை பேனல் என்பது காட்சியைப் பொறுத்தது. சண்டை, ஓட்டம், பெரிய நிலப்பரப்பு என்றால் நான்கைந்து போதும். உரையாடல், தயக்கம், நுணுக்கமான கை அசைவு என்றால் ஏழு முதல் ஒன்பது வரை தாங்கும். பேனல் கூடக்கூட ஒரு செயல் மெதுவாக நடப்பதுபோல் இருக்கும், இதை மனதில் வையுங்கள். கதவு திறப்பதை ஒரு பேனலில் காட்டினால் அவள் உள்ளே போகிறாள், அவ்வளவுதான். மூன்று பேனலில் காட்டினால் அவள் பயப்படுகிறாள். முகத்தை வரையாமலே பயம் வந்துவிட்டது. அதேபோல வசனமில்லாத பேனல் அமைதியாக நீளும், வசனம் நிறைந்த பேனல் படிக்கும் நேரம் முழுக்க நிற்கும். அடி விழும் பேனலில் நான்கு வரி வசனம் வைத்தால், அடி விழுந்து முடிய அத்தனை நேரமாகும். வசனத்தை முந்தைய பேனலுக்கு நகர்த்திவிடுங்கள்.

கண் போகும் பாதை

நம் கண் இடமிருந்து வலம் போய், கீழே இறங்கி, மறுபடி இடமிருந்து வரும். அமைப்பு இதற்கு ஒத்துழைத்தால் வாசகர் அமைப்பைக் கவனிக்கவே மாட்டார். ஒத்துழைக்காவிட்டால் ஒரு நொடி நின்று "அடுத்து எது?" என்று தேடுவார், அந்த நொடியில் கதை கையைவிட்டுப் போய்விடும்.

பெரும்பாலான குழப்பம் இரண்டு இடத்தில்தான் வரும். ஒன்று, பேனல்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளி. நெடுக்கு இடைவெளியும் கிடைமட்ட இடைவெளியும் ஒரே அகலமாக இருந்து, பேனல்களும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், பக்கவாட்டில் போவதா கீழே போவதா என்று கண்ணுக்குக் குறிப்பு கிடைக்காது. வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, ஒரே வரிசைப் பேனல்களுக்கு நடுவே உள்ளதைப்போல இரண்டு மடங்காக்குங்கள். பக்கத்துப் பேனல்கள் ஒட்டி நிற்கும், அடுத்த வரிசை விலகி நிற்கும், கண் தானாக வரிசையைப் பிடித்துக்கொள்ளும். மங்காவில் இதை நிறையப் பார்க்கலாம்.

இரண்டாவது, இடதுபுறம் மேலும் கீழுமாக இரண்டு சின்னப் பேனல், வலதுபுறம் இரண்டின் உயரத்துக்கும் ஒரே நெட்டைப் பேனல். முதல் பேனலைப் படித்ததும் சிலர் வலதுபக்கம் தாவிவிடுவார்கள், சிலர் கீழே இறங்குவார்கள். நெட்டைப் பேனலை இடதுபுறம் வைத்து, சின்ன இரண்டையும் வலதுபுறம் அடுக்கினால் சந்தேகமே வராது. முந்தைய அமைப்புதான் வேண்டும் என்றால் மேல் பேனலையும் கீழ் பேனலையும் இணைக்கும்படி நடுவே ஒரு பலூனை வைத்துக் கண்ணைக் கீழே இழுங்கள்.

பேனலுக்குள்ளும் பாதை உண்டு. ஒருவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ வாசகரும் அந்தப் பக்கம் பார்ப்பார். விரல் காட்டும் திசை, கத்தியின் நுனி, சாலையின் ஓட்டம் எல்லாமே கண்ணைத் தள்ளும். வரிசையின் கடைசி பேனலில் இருப்பவர் வலப்பக்க விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பக்கத்துக்கு வெளியே போய்விடும், அவரைக் கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்க்க வைத்தால் அடுத்த வரிசைக்கு இறங்கும். ஆனால் 3ஆம் பக்கத்தின் கடைசி பேனலில் இதையே எதிர்மாறாகப் பயன்படுத்துகிறோம். "யாரது?" பலூன் வலது கீழ் மூலைக்கு அருகில் இருக்கிறது, வாசகர் கடைசியாகப் படிப்பது அது, அங்கிருந்து கை நேராகத் தாளைத் திருப்பப் போகும்.

இன்னொரு விஷயம், இரண்டு பேர் பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்திருங்கள். 3ஆம் பக்கத்தில் தம்பி இடம், அக்கா வலம். 4ஆம் பக்கத்தில் கேமரா திரும்பி அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாலும் அவள் தோள் வலது ஓரத்தில் இருக்க வேண்டும், தம்பி இடப்பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் இருவரும் இடம் மாறி உட்கார்ந்ததுபோலத் தெரியும். நம் காட்சிக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது: 4ஆம் பக்கத்தில் முதலில் பேசுவது தம்பி, அவன் இடதுபுறமே இருக்கிறான். முதலில் பேசுகிறவர் இடதுபுறம் இருந்தால் பலூன்கள் குறுக்கே போகாது. இதைத் தம்ப்நெயிலிலேயே சரிபார்க்காமல் மை போட்டுவிட்டால் பிறகு பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும்.

பலூனுக்கு முதலில் இடம்

பலூனைக் கடைசியில் மேலே ஒட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தம்ப்நெயிலிலேயே வட்டம் போட்டுவிடுங்கள், பெரிய வரைவுக்கு வந்ததும் வசனத்தை உண்மையான அளவில் எழுதிப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் உருவங்கள். பெரும்பாலும் பேனலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வசனத்துக்கு விட்டுவிட்டு வரைந்தால் பிழைக்கலாம்.

அமெரிக்க எடிட்டர்களின் ஒரு பழைய கணக்கு பேனலுக்கு 35 சொல்லுக்கு மேல் வேண்டாம் என்கிறது. தமிழுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, நம் சொற்கள் நீளம். பாதிக்கும் கீழே, பேனலுக்குப் பதினைந்து சொல்லை ஒட்டி வைத்துக்கொள்வது என் பரிந்துரை. "நான் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறேன்" என்பதில் சொல் மூன்றே, ஆனால் ஒடுங்கிய பேனலில் கடைசிச் சொல் ஒன்றே ஒரு வரியைத் தின்றுவிடும், சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளினால் பார்க்கவே சகிக்காது. "இப்பதான் வந்துட்டிருக்கேன்" என்றால் பாத்திரம் பேசுவதுபோலவும் இருக்கும், இடமும் மிச்சம். நீளமான சொல் தவிர்க்க முடியாததாக இருந்தால் அந்தப் பேனலை அகலமாக்குங்கள். பேனலின் அளவை வசனம் தீர்மானிப்பது கேவலமான விஷயமே இல்லை.

எழுத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். ஆங்கில காமிக்ஸில் எல்லாமே பெரிய எழுத்து, ஒரே உயரம், வரிகளை நெருக்கி அடுக்கிவிடுவார்கள். தமிழில் 'கீ', 'டீ' போன்றவற்றின் சுழி மேலே போகும், 'கு', 'மு', 'ரூ' போன்றவற்றின் வால் கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியை நன்றாகக் கூட்டிக்கொண்டு, அதற்கேற்ற பெரிய பலூனுக்கு இடம் ஒதுக்குங்கள். பலூனுக்குள் வரிகள் மேலே சின்னது, நடுவில் பெரியது, கீழே சின்னது என்று வந்தால் வட்டத்துக்குள் அழகாக உட்காரும். வால் பேசுகிறவரின் வாயைக் குறிவைத்துக் கிளம்பி, பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் மேல் போய் நின்றுவிடட்டும், முகத்தைத் தொட வேண்டாம்.

கறுப்பு எங்கே?

தேர்ந்தெடுத்த தம்ப்நெயிலை இன்னொருமுறை, கொஞ்சம் பெரிதாக, மூன்று நிறத்தில் மட்டும் போடுங்கள்: கறுப்பு, சாம்பல், வெள்ளை. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நம் 3ஆம் பக்கத்தில் மேல் பேனலில் இரவு வானம் கறுப்பு, நடுப் பேனல்களில் கதவு சாம்பல், இடுக்கு கறுப்பு, கீழே முன்புற உருவம் முழுக் கறுப்பு, கதவுச் சதுரம் வெள்ளை. இடுக்கின் கறுப்பு பேனலுக்குப் பேனல் அகலமாகி, கீழே நாற்காலியின் கறுப்பில் வந்து சேர்கிறது. அந்த ஒரே கறுப்பு பக்கத்தை மேலிருந்து கீழ் வரை தைத்துவிடுகிறது. வலுவான கறுப்புகளைப் பக்கத்தில் ஒரு முக்கோணம்போல மூன்று இடத்தில் விழும்படி பார்த்துக்கொண்டால் பக்கம் ஒருபக்கமாகச் சாயாது. தாளின் மறுபக்கம், 4ஆம் பக்கம், விளக்கு எரிந்த அறை, அதைப் பெரும்பாலும் வெள்ளையாக விடுங்கள். தாளைத் திருப்பியதும் அந்த வெளிச்சம் வாசகரின் முகத்தில் அடிக்க வேண்டும்.

4ஆம் பக்கத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். மேல்பாதி முழுவதும் தம்பி, விளிம்பில் அவள் தோள், "நான்தான்க்கா." அடுத்த வரிசையில் இரண்டு மௌனப் பேனல்: விரலிலிருந்து நழுவும் பையின் கைப்பிடி, தரையில் சாய்ந்து கிடக்கும் பை. கடைசி வரிசை ஒரே அகலப் பேனல், வலதுபுறம் அக்காவின் முகம், இடதுபுறம் பெரிய வெற்றிடம், அதில் அவளுடைய ஒரே கேள்வி. அந்த வெற்றிடத்தைப் பின்னணி வரைந்து நிரப்பத் தோன்றும். வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பெரிதாக்குவதும் திருத்துவதும்

தம்ப்நெயிலை ஸ்கேன் செய்தோ படம் பிடித்தோ முழு அளவுக்குப் பெரிதாக்கி, அதன் மேலேயே வரையுங்கள். தாளில் வரைகிறவர்களுக்கு, கீழிருந்து வெளிச்சம் வரும் விளக்குப் பலகை உதவும். கணினியில் கிளிப் ஸ்டூடியோ பெயிண்டில் பேனல் சட்டத்துக்கென்றே கருவி இருக்கிறது, ஒரு கட்டத்தை வெட்டினால் நீங்கள் குறித்த இடைவெளியோடு இரண்டாகும். கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். தம்ப்நெயிலில் இருந்த வேகம் பெரிய வரைவில் விறைத்துப்போவது வழக்கம், உடம்பின் சாய்வும் தலையின் கோணமும் சின்னதில் எப்படி இருந்தன என்று அடிக்கடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பென்சில் வரைவு முடிந்ததும், மை போடும் முன், பக்கத்தை நான்கு விதமாகச் சோதியுங்கள். வசனத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள், என்ன நடக்கிறது என்று புரிகிறதா? படங்களை மறைத்துவிட்டுப் பலூன்களை மட்டும் படியுங்கள், வரிசை சரியாக வருகிறதா? பக்கத்தைக் கண்ணாடியில்போல இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், சாய்ந்த முகங்களும் ஒருபக்கம் கனக்கும் அமைப்பும் உடனே தெரியும். கடைசியாகத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், முக்கியமான படம் அப்போதும் முதலில் கண்ணில் படுகிறதா?

நுணுக்கமான தவறு ஒன்று உண்டு, புதியவர்களின் பக்கங்களில் அதிகம் காணப்படுவது அதுதான். இரண்டு வேறு பொருள்களின் கோடுகள் ஒரே இடத்தில் தொட்டுக்கொள்வது. தூரத்து மரம் தலையின் உச்சியிலிருந்து முளைத்ததுபோல நிற்கும், பலூனின் விளிம்பு கன்னத்தை உரசிக்கொண்டு போகும், கதவின் விளிம்பு பேனல் சட்டத்தோடு ஒட்டிப்போகும். எது முன்னால், எது பின்னால் என்ற ஆழம் அங்கே செத்துவிடுகிறது. ஒன்று நன்றாக விலக்குங்கள், இல்லை நன்றாக மேலே ஏற்றி மறையுங்கள். சட்டம் உடலை வெட்டும் இடத்தையும் பாருங்கள். கழுத்து, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டில் வெட்டினால் உறுப்பு துண்டானதுபோல இருக்கும், தொடையிலோ மார்பிலோ வெட்டினால் சட்டத்துக்கு வெளியேயும் உடல் தொடர்வதாக மனம் ஏற்றுக்கொள்ளும்.

அப்புறம் கேமரா தூரம். வரிசையாக நான்கு பேனலில் மார்பளவு முகங்கள் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றைத் தூரத்துக்குத் தள்ளுங்கள், ஒன்றில் கையை மட்டும் காட்டுங்கள், ஒன்றில் உருவத்தை முழு நிழலாக்குங்கள். ஆனால் காரணமில்லாமல் ஒவ்வொரு பேனலுக்கும் கோணத்தைச் சுழற்றவும் வேண்டாம். நம் கதவு பேனல்கள் வேலை செய்வதே கேமரா அசையாததால்தான்.

எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்துவைத்துப் பார்ப்பதையும் மறக்காதீர்கள். தனித்தனியாக நன்றாக இருந்த இரண்டு பக்கம் பக்கத்தில் வந்ததும் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு பெரிய பேனல் என்று மோதிக்கொள்ளலாம். விரிப்புப் படத்தில் முகமும் பலூனும் நடு மடிப்பில் விழாமல் தள்ளிவையுங்கள், புத்தகம் தடிமனாக ஆக ஆக மடிப்பு அதிகமாக விழுங்கும்.

கைபேசியில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் வகைக்கு வரைகிறவர்களுக்குத் தாள் திருப்பும் உத்தி கிடையாது, அதற்குப் பதில் வெற்றிடம் இருக்கிறது. அந்தத் தளங்களில் 800 பிக்சல் அகலம் வழக்கமான அளவு. பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே விடும் உயரம்தான் அங்கே நேரம். "யாரது?" என்றதும் ஒரு முழுத்திரை கறுப்பு ஓடட்டும், அதற்குக் கீழே விளக்கு எரியட்டும். மற்றபடி மேலே சொன்ன எல்லாம் அங்கும் பொருந்தும்.

இந்தத் திருத்தங்கள் எல்லாம் முடிந்ததும், மை போடும் முன், பக்கத்தை அச்சளவிலேயே பிரிண்ட் எடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். எதையும் விளக்காதீர்கள். விரலை வைத்துக்கொண்டே படிக்கச் சொல்லி, விரல் எங்கே தயங்குகிறது, எங்கே பின்னால் போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தயங்கிய இடத்தில் முதலில் பலூனை நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் இடைவெளியையோ பேனலின் அகலத்தையோ மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் புதிதாக மூன்று தம்ப்நெயில் போடுங்கள், மை இன்னும் போடவில்லை என்பதால் நஷ்டம் பதினைந்து நிமிஷம்தான்.